வெளியூர் கோல்

2022-ஆம் ஆண்டில் ஒரு பருவத் தேர்வுக்குப் பின், பகுதி ஒன்று தமிழ்த் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். பொதுக்கட்டுரைப் பகுதியில் 'நேரில் கண்ட ஒரு போட்டி' என்பது தலைப்பு. சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இத்தகைய தலைப்புக்குக் கபடியை எழுதுவார்கள், இல்லையென்றால் கைப்பந்து, வசதியான வீட்டுப் பிள்ளை என்றால் கிரிக்கெட். கால்பந்தை எழுதுகிறவர் அரிது. குமரிக் கடற்கரையில் தூத்தூர் போன்ற ஊர்களில் அந்த ஆட்டத்திற்குள்ள மரியாதை, விசைத்தறிச் சத்தம் கேட்கும் நம் கரிசல் பக்கத்தில் இல்லை. ஆகவே ஒரு மாணவர் பெங்களூரு கண்டீரவா அரங்கில் தாம் கண்ட அரையிறுதி ஆட்டம் ஒன்றை எழுதியிருந்தது நம்மைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது.

கட்டுரையில் ஒற்றுப் பிழைகள் மிகுதி. ஆனால் ஒரு சொல்லில் நம் பேனா நின்றுவிட்டது. 'அவங்களுக்கு ஒரு வெளியூர் கோல், நமக்கும் ஒரு வெளியூர் கோல்' என்று எழுதியிருந்தார். நாம் வழக்கம்போல் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் 'அயற்களக் கோல்?' என்று குறித்தோம். மறுநாள் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது நம் திருத்தம் நமக்கே செயற்கையாகத் தோன்றியது. வெளியூர் என்ற சொல்லில் இருக்கும் புழுதியும் தனிமையும் அயற்களத்தில் இல்லை. கோட்டை அடித்துவிட்டு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டோம்.

இக்கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியதுதான். ஆசியக் கண்டத்தின் கழகங்கள் மோதும் போட்டியின் வெளியேற்றுச் சுற்றுகளில் இந்தியக் கழகங்கள் எவ்வளவு தூரம் சென்றன, எங்கே திரும்பின என்ற வரலாற்றை, உள்ளூர், வெளியூர் என்ற இரண்டு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. (கழகம் என்றதும் நம் வாசகர்களுக்குக் கொடியும் கரைவேட்டியும் நினைவுக்கு வரலாம், சங்கம் என்றாலோ மதுரை. வேறு வழியில்லை, கழகம் என்றே எழுதுவோம்.)

*

வெளியேற்றுச் சுற்றின் இலக்கணம் எளியது. குழுச் சுற்றில் தோற்றவனுக்கு மறுவாரம் உண்டு. இங்கே தோற்றவன் ஊருக்குப் போகலாம். பதினாறு எட்டாகி, எட்டு நான்காகி, நான்கு இரண்டாகும். ஆனால் கண்ட அளவிலான கழகப் போட்டிகள் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தன. ஒரே ஆட்டத்தில் தீர்ப்பு எழுதாமல், உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று என இரு கட்டங்களாக ஆடி, கோல்களைக் கூட்டிப் பார்ப்பது. 1955-இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையே இவ்வகையில் முன்னோடி. கூட்டுத்தொகை சமமானால் என்ன செய்வது? மூன்றாவது ஆட்டம், நாணயம் சுண்டுதல் என்றெல்லாம் செய்து பார்த்துவிட்டு, 1965-இல் ஐரோப்பியர் ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். எதிரியின் மண்ணில் அடித்த கோல் எடை கூடியது. சமமானால் அதை அதிகம் அடித்தவர் மேலே போவார். மாணவர் சொன்ன வெளியூர் கோல் இதுதான். ஐரோப்பா 2021-இல் அவ்விதியைக் கைவிட்டது. ஆசியாவும் 2023-24 பருவத்திலிருந்து விட்டுவிட்டது. நாம் பேசப்போகும் ஆட்டங்களில் பெரும்பாலானவை அவ்விதி உயிரோடிருந்த காலத்தவை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. புறப்பொருள் வெண்பாமாலை மதிலை முற்றுகையிடுவதை உழிஞை என்றும், முற்றுகைக்கு உள்ளாகி மதிலைக் காப்பதை நொச்சி என்றும் இரண்டு திணையாகப் பிரிக்கிறது. தொல்காப்பியரோ இரண்டையும் உழிஞை என்ற ஒரே திணைக்குள் அடக்கிவிட்டார். மதிலுக்கு வெளியே நிற்பவனும் உள்ளே நிற்பவனும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என்பது அவர் கருத்தாக இருக்கலாம். இரு கட்ட வெளியேற்று ஆட்டத்தைத் தொல்காப்பிய நெறியில்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு வாரம் உழிஞை சூடியவன் மறுவாரம் நொச்சி சூடுகிறான், கணக்கு ஒன்றே. நம் ஊரில் ஆடித்தபசு முடிவில் அம்மைக்குக் கிடைக்கும் காட்சியும் இரு பாதிகள் சேர்ந்த ஓருருதான் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒப்புமையை மேலே இழுக்கப் போவதில்லை. கோயிலைக் கால்பந்தோடு சேர்த்ததற்கு ஏற்கெனவே வீட்டில் ஒரு வசவு வாங்கியாயிற்று.

*

இந்தியாவுக்கு வெளியேற்று முறை பழக்கமானது. சொல்லப்போனால், நெடுங்காலம் அது ஒன்றே பழக்கமாயிருந்தது. டூரண்ட் கோப்பை 1888-இல் தொடங்கியது, ரோவர்ஸ் கோப்பை 1891, ஐ.எஃப்.ஏ. கேடயம் 1893. இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய ஒற்றை நினைவான 1911 ஜூலை 29, மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்ற நாள், ஒரு வெளியேற்றுப் போட்டியின் இறுதி நாள். கல்கத்தாவில் 1898 முதல் நகர அளவில் லீக் உண்டு. ஆனால் நாடு முழுதும் ஊர் ஊராகச் சென்று ஆடும் தேசிய லீக் 1996-இல்தான் வந்தது. அதுவரை ஒரு நகரத்தில் கூடி, ஒரே மைதானத்தில் இரண்டு மூன்று வாரம் ஆடி, கோப்பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவதே வழக்கம். கோயில் கொடையைப் போல, நாடகக் கொட்டகையைப் போல, ஆட்டம் வரும், தங்கும், போய்விடும். அவ்வாட்டங்களில் உள்ளூர் அணி என்று ஒன்று இருக்கலாம்; ஆனால் மறுவாரம் அந்த உள்ளூர்க்காரன் உன் ஊருக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம்முடைய வாதம் இதுதான். இந்தியக் கழகங்கள் ஆசிய அளவில் தடுமாறியதற்குப் பணம், பயிற்சி, உடற்கட்டு என்று பல காரணம் சொல்வார்கள், அவையெல்லாம் உண்மையே. அவற்றோடு, வெளியூரில் ஆடிப் பிழைக்கும் பழக்கம் ஒரு நூற்றாண்டு தாமதமாக வந்தது என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஆசியக் கழகங்களுக்கான முதற்போட்டி 1967-இல் பாங்காக்கில் முடிந்தது. சில ஆண்டுகளில் நின்றும்போனது. 1985-இல் மீண்டும் தொடங்கி, 2002-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் என்ற உருப்பெற்றது. அதில் இடம் பெறும் தகுதியில்லாத நாடுகளின் கழகங்களுக்காக 2004-இல் ஏ.எஃப்.சி. கோப்பை உருவாக்கப்பட்டது. இரண்டாம் பந்தி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பந்தி இரண்டாவதானாலும் இலை நம்முடையது என்பதால் இந்தியக் கழகங்களின் உண்மையான வெளியேற்றுச் சுற்று வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அப்பால் செல்லலாம். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த தென்கிழக்காசியக் கழகங்களின் போட்டிக்கு ஈஸ்ட் பெங்கால் விருந்தாளியாகச் சென்றது. பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக். முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் தெரோ சாசனாவிடம் 0-1 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் பிலிப்பைன்ஸ் ராணுவ அணிக்கு எதிராக ஆறு கோல். ஆறையும் அடித்தவர் பைச்சுங் பூட்டியா. காலிறுதியில் இந்தோனேசியாவின் பெர்சிட்டாவுடன் ஆடும்போது தேப்ஜித் கோஷ் மோதி நினைவிழந்து விழுந்தார். மைதானத்திலேயே அவர் உயிரை மீட்டார்கள். ஆட்டம் 2-1 என்று ஈஸ்ட் பெங்காலுக்கு. அரையிறுதி பெனால்ட்டி வரை நீண்டது. ஜூலை 26 அன்று இறுதியில் எதிர்ப்பட்டது முதல் நாள் தோற்கடித்த அதே பெக் தெரோ, இம்முறை 3-1. வங்காளத்தில் இன்றும் அவ்வெற்றியைக் கொண்டாடுவார்கள். ஆனால் கவனியுங்கள், எல்லா ஆட்டமும் ஒரே நகரில். பழைய இந்திய வழக்கம்தான், கடல் கடந்து நடந்தது. அவ்வழக்கத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்களல்ல.

இரு கட்ட ஆட்டங்கள் தொடங்கியபோது கதை மாறியது. 2004-இல் ஈஸ்ட் பெங்கால் காலிறுதியோடு நின்றது. 2007-இல் மகிந்திரா யுனைடெட்டும் காலிறுதியோடு திரும்பியது. 2008-இல் கோவாவின் டெம்போ, அர்மாண்டோ கோலாசோவின் பயிற்சியில், சிங்கப்பூரின் ஹோம் யுனைடெட்டைத் தாண்டி அரையிறுதி வரை சென்று லெபனானின் சஃபாவிடம் தோற்றது. ஓர் இந்தியக் கழகம் இப்போட்டியில் அவ்வளவு தூரம் சென்றது அதுவே முதல் முறை. இந்த மூன்றில் மகிந்திரா 2010-இல் கலைக்கப்பட்டது. டெம்போ 2016-இல் தேசிய லீக்கிலிருந்து விலகியது. (பின்னர் அது திரும்பி வந்தது வேறு கதை.) கழகங்களின் ஆயுள் பற்றி நாம் பிறகும் பேச வேண்டியிருக்கும்.

2013-இல் ஈஸ்ட் பெங்கால் குழுச் சுற்றில் ஓர் ஆட்டமும் தோற்காமல் வந்தது. மியான்மரின் யாங்கோன் யுனைடெட்டை 5-1. காலிறுதியில் இந்தோனேசியாவின் செமென் படாங்கை கொல்கத்தாவில் 1-0, படாங்கில் 1-1. வெளியூரில் அடித்த அந்த ஒரு கோலில் முதிர்ச்சி தெரிந்தது. அரையிறுதியில் எதிரி குவைத் எஸ்.சி.; கோப்பையை ஏற்கெனவே இருமுறை வென்ற அணி. குவைத்தில் 2-4 என்று தோற்றார்கள். தோல்விதான், ஆனால் இரண்டு வெளியூர் கோல்கள் கையில் இருந்தன. கொல்கத்தாவில் 2-0 என்று வென்றால் போதும், கூட்டுத்தொகை 4-4 ஆகி இறுதிக்குள் நுழைந்திருப்பார்கள். அந்தக் கணக்கை நகரமே மனப்பாடம் செய்திருந்தது. ஆட்டம் 0-3 என்று முடிந்தது. உள்ளூரில் மூன்று கோல் வாங்கியவனுக்கு வெளியூர்க் கணக்கு உதவாது.

*

இனி அந்த மாணவரின் கட்டுரைக்கு வரலாம்.

அவருடைய தந்தை அல்சூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். நெல்லைச் சீமையிலிருந்து பெங்களூருக்குக் கடைவேலைக்குப் போகிறவர்கள் மூன்று தலைமுறையாக உண்டு. அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் ஆகிய பகுதிகள் தமிழர் மிகுந்தவை, கால்பந்தும் மிகுந்தவை. கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம், எழுபதுகளில் மோகன் பகானுக்கு ஆடிய உலகநாதன் ஆகியோர் பெங்களூரின் தெருக்களிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பெயர்கள். ஆனால் தமிழில் இவர்களைப் பற்றி ஒரு நூல் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. பெருங்கதையின் பந்தாட்டத்தையும் கந்துகவரியையும் குறவஞ்சியின் வசந்தவல்லியையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நாமே ராமனின் பெயரை நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தோம். வெட்கத்தோடு இதை எழுதுகிறோம்.

பெங்களூரு எஃப்.சி. 2013-இல் தொடங்கப்பட்ட கழகம். தொடங்கிய பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது, 2015-16-இல் மறுபடியும். 2016 ஏ.எஃப்.சி. கோப்பையின் குழுச் சுற்றில் அதன் ஆட்டம் அப்படியொன்றும் சிறப்பில்லை. மலேசியாவின் ஜோகூர் டாருல் தாசிம், முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற அணி, உள்ளூரிலும் வெளியூரிலுமாக இருமுறையும் பெங்களூரை வென்றது. இரண்டாம் இடத்தில் தொற்றிக்கொண்டு வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். மே மாதம் ஹாங்காங்கில் கிட்சி அணியை அதன் மைதானத்திலேயே 3-2 என்று வென்றார்கள். அதன்பின் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட் விடைபெற்றார். பார்சிலோனாவில் ரைக்கார்டுக்குத் துணையாக இருந்த ஆல்பர்ட் ரோகா வந்தார். புதுப் பயிற்சியாளரின் முதற்சோதனை காலிறுதி: சிங்கப்பூரின் தம்பினஸ் ரோவர்ஸ், பெங்களூரில், செப்டம்பர் 14.

அந்தத் தேதியை வாசகர்கள் வேறு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கக்கூடும். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரி நீர் பற்றிய உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டிப் பெங்களூரில் வன்முறை வெடித்தது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு. தமிழகத்திலும் கன்னடர் நடத்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. இந்நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் காலிறுதி. மாணவரின் கட்டுரையில் ஆட்டம் பற்றி இங்கே ஒரு வரியும் இல்லை. கடைக்கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் செய்தித்தாள் ஒட்டி, மூன்று நாள் அரிசி மூட்டைகளுக்கு இடையே படுத்திருந்ததை மட்டும் எழுதியிருந்தார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. 'சத்தமாத் தமிழ் பேசாதேன்னு அப்பா சொன்னார்' என்பது அந்தப் பத்தியின் கடைசி வரி.

அதே நகரில் செப்டம்பர் 14 மாலை, ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கண்ணூர்க்காரரான சி.கே. வினீத் அடித்த கோலால் பெங்களூரு 1-0 என்று வென்றது. சிங்கப்பூரில் 0-0. நொச்சியில் ஒரு கோல், உழிஞையில் ஒரு தற்காப்பு. அரையிறுதிக்கு அது போதுமானதாயிருந்தது.

அரையிறுதியில் மறுபடியும் ஜோகூர். செப்டம்பர் 28 அன்று லார்க்கின் அரங்கில் பின்தங்கிய பெங்களூருக்கு யூஜின்சன் லிங்டோ சமன் செய்து கொடுத்தார். 1-1. ஒரு வெளியூர் கோல் பையில்.

இரண்டாம் கட்டம் அக்டோபர் 19, புதன்கிழமை இரவு, கண்டீரவா. மாணவரின் தந்தை, கடை முதலாளியிடம் அரைநாள் கேட்டு வாங்கி, மகனை அழைத்துப் போனார். ஏன் அழைத்துப் போனார் என்று கட்டுரையில் இல்லை. 'வா, போய்ட்டு வருவோம்' என்றாராம். மேற்குப் பகுதிப் படிக்கட்டுகளில் நீலச்சட்டைக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே அவர்களுக்கு இடம் கிடைத்தது.

அன்றைய ஆட்டத்தின் நாடகம் முழுவதும் கணக்கில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 0-0 என்றாலே பெங்களூரு உள்ளே போயிருக்கும். 11-ஆம் நிமிடத்தில் ஜோகூரின் சஃபீக் ரகீம் கோல் அடித்தார். இப்போது கூட்டுத்தொகை 1-2. வெளியூர் கோல் இருவருக்கும் ஒவ்வொன்று. 41-ஆம் நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிச் சமன் செய்தார். 2-2. அப்படியே முடிந்தால் கூடுதல் நேரம். 67-ஆம் நிமிடத்தில் சேத்ரி மறுபடியும், இம்முறை தொலைவிலிருந்து. பெங்களூரு முன்னே. அரங்கம் வெடிக்கிறது. ஆனால் கணக்குத் தெரிந்தவன் அந்த நிமிடத்தில்தான் நகத்தைக் கடிப்பான். ஏனென்றால் ஜோகூர் இன்னும் ஒரே ஒரு கோல் அடித்தால் கூட்டுத்தொகை 3-3. வெளியூர் கோல் அவர்களுக்கு இரண்டு, பெங்களூருக்கு ஒன்று. வென்றுகொண்டிருக்கும் அணி, ஒரு கோல் வாங்கிய அக்கணமே, கூடுதல் நேரம்கூட இல்லாமல் வெளியேறும். எட்டு நிமிடம் அந்த நிலை. 75-ஆம் நிமிடத்தில் ஸ்பானியத் தற்காப்பாளர் ஹுவானன் மூன்றாவதை முட்டினார். இனி ஜோகூருக்கு இரண்டு வேண்டும். அது நடக்கவில்லை. 3-1, மொத்தம் 4-2. இந்தியக் கழகம் ஒன்று முதல் முறையாக ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்குச் சென்றது.

அந்த எட்டு நிமிடத்தைத்தான் மாணவர் எழுதியிருந்தார். கூட்டம் கொண்டாடும்போது தந்தை மட்டும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாராம். அப்பா தமிழில் உரக்கச் சொல்ல, முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, தமிழிலேயே, 'ஆமா சார், இன்னொண்ணு விழுந்தா போச்சு' என்றாராம். மூன்றாவது கோலுக்குப் பின் அந்த முன்வரிசைக்காரர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார். கட்டுரையின் முடிவு: 'எங்க ஊர் ஜெயிச்சது.'

எந்த ஊர் என்று ஓரத்தில் கேட்டு எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

*

இறுதி ஆட்டம் நவம்பர் 5 அன்று தோகாவில். எதிரி ஈராக்கின் அல்-குவா அல்-ஜவியா, விமானப்படைக் கழகம், 1931-இல் தொடங்கியது. ஈராக்கில் பன்னாட்டு ஆட்டங்கள் நடத்த இயலாத காலம் அது. ஆகவே அவர்கள் அந்தப் பருவத்தில் தம் 'உள்ளூர்' ஆட்டங்களைக் கத்தாரில் ஆடினார்கள். பாக்தாத்தின் கழகம் தோகாவை வீடு என்று விண்ணப்பத்தில் நிரப்பியிருந்தது. அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பையை அவர்களே வென்று மூன்றாக்கினார்கள் என்பதை நினைக்கும்போது, வீடில்லாதவன் ஆட்டத்தில் இருந்த வைராக்கியம் புரிகிறது. பெங்களூருக்கு அன்று முதற்காவலர் அம்ரிந்தர் சிங் இல்லை. அரையிறுதியில் பெற்ற மஞ்சள் அட்டையால் தடை. லால்துவம்மாவியா ரால்டே நின்றார். 70-ஆம் நிமிடத்தில் ஹம்மாதி அகமது அடித்த ஒரே கோல். 0-1. ஆட்டம் முடிந்த கையோடு பெங்களூரு வீரர்களில் பலர் அப்போது நடந்துகொண்டிருந்த இந்தியன் சூப்பர் லீக்கில் வெவ்வேறு நகரங்களுக்காக ஆடப் பிரிந்து போனார்கள். இறுதிப் போட்டி ஆடிய அணி ஒரே வாரத்தில் கலைந்து எதிரெதிர் முகாம்களில் நின்றது. அக்காலத்து இந்தியக் கால்பந்தின் ஏற்பாடு அப்படி: ஒரே ஆட்டக்காரனுக்கு ஆண்டின் பாதி ஓர் ஊர், மறுபாதி வேறோர் ஊர்.

அதற்குப் பிறகு எந்த இந்தியக் கழகமும் இறுதிக்குச் செல்லவில்லை. 2017-இல் பெங்களூரு தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலிடமும், 2018-இல் துர்க்மெனிஸ்தானின் அல்தின் அசிரிடமும் நின்றது. 2021 செப்டம்பரில் ஏ.டி.கே. மோகன் பகான் உஸ்பெகிஸ்தானின் கார்ஷி நகரில் நசாஃப் அணியிடம் 0-6, இடைவேளைக்குள்ளேயே ஐந்து. மறு ஆண்டு கொல்கத்தாவிலேயே கோலாலம்பூர் சிட்டியிடம் 1-3. 2024-இல் ஒடிஷா, ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸிடம் வெளியூரில் 0-4, உள்ளூரில் 0-0. 2023-24-ஓடு ஏ.எஃப்.சி. கோப்பை என்ற பெயரே மறைந்து, சாம்பியன்ஸ் லீக் இரண்டு என்ற புதுப் போட்டி வந்தது. அதில் 2024-இலும் 2025-இலும் மோகன் பகான் ஈரானுக்குப் பயணம் செய்யவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டியது. இருமுறையும் போட்டியிலிருந்து விலகியதாகக் கொள்ளப்பட்டது. அவ்வச்சத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. ஆனால் வெளியூருக்குப் போகாதவனுக்கு உள்ளூரும் பறிபோகும் என்பது இவ்வாட்டத்தின் பழைய விதி.

நம் மாநிலத்தின் கதை இன்னும் சுருக்கமானது. 2018-19-இல் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கை வென்றது. பெயர் சென்னை, உள்ளூர் மைதானம் கோயம்புத்தூர். 2019 மார்ச் 9 அன்று அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெத்ரோ மான்சி கோல்களைக் குவித்தார். எட்வின் வான்ஸ்பால் போன்ற தமிழக இளைஞர்கள் அணியில் நிறைந்திருந்தனர். தேசிய லீக்கை வென்றதால் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஒரு வெளியேற்று ஆட்டம் கிடைத்தது. 2020 ஜனவரியில், பஹ்ரைனின் ரிஃபா அணிக்கு எதிராக, ஒரே ஆட்டம், உள்ளூர் அணி சென்னை சிட்டி. ஆட்டம் நடந்த இடம் அகமதாபாத். 0-1. மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பைக் குழுச் சுற்றில் மாலத்தீவின் மாசியாவுடன் 2-2. அதற்குப் பின் பெருந்தொற்று, போட்டியே கைவிடப்பட்டது. 2020-21 பருவத்திற்குப் பின் ஐ-லீக்கில் அக்கழகம் இல்லை. தமிழகக் கழகம் ஒன்று ஆசிய வெளியேற்று ஆட்டத்தில் உள்ளூர் அணியாக நின்ற அந்த இரவில், அரங்கின் படிக்கட்டுகளில் நம் மொழி எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கும்?

இதை அந்த மாணவரிடம், விடைத்தாளைக் காட்டிய நாளில் சொன்னோம். பெங்களூரில் தந்தை வேலை பார்த்த கடை 2020 ஊரடங்கில் மூடப்பட, குடும்பம் ஊர் திரும்பி, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே பாட்டியின் வீட்டில் இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்போ அன்னைக்கு ரெண்டு பேருக்குமே வெளியூர் தானே சார்?' என்றார்.

அங்கே ஆடியவர்கள் சிதறிப் போனார்கள். முன்பு ஒரு பருவம் சென்னை சிட்டிக்கு ஆடிய நந்தகுமார் சேகர், பின்னர் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், நான்கரை ஆண்டுகளாக அந்த எதிரியை வெல்லாமல் இருந்த அணியின் தாகத்தைத் தீர்த்தது. 2024 அக்டோபரில் திம்புவில், ஆசியாவின் மூன்றாம் அடுக்கான சேலஞ்ச் லீக்கில், வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0 என்று வென்ற ஆட்டத்திலும் ஒரு கோல் அவருடையது. ஈஸ்ட் பெங்கால் காலிறுதிக்குச் சென்றது. 2025 மார்ச்சில் துர்க்மெனிஸ்தானின் அர்காதக் அணியிடம் கொல்கத்தாவில் 0-1. மறுவாரம் அங்கே சென்று, முதல் நிமிடத்திலேயே மெஸ்ஸி பூலி கோல் அடித்தார். கூட்டுத்தொகை 1-1. வெளியூர் கோல் விதி இருந்திருந்தால் சமநிலை அவர்களுக்கும் எடை பார்க்க வேண்டியதாயிருந்திருக்கும், விதி போயாயிற்று. கடைசியில் 1-2.

மாணவர் இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். அந்த மார்ச் இரவு முதல் நிமிடக் கோல் விழுந்தபோது அலைபேசியில் ஒரு வரி அனுப்பினார்: 'சார், வெளியூர் கோல்.'